நோயில்லாத கால்கள்

புதுச் செருப்போ ஷூவோ, எதுவானாலும் முதல் நாள் அரை மணி நேரம், மறுநாள் ஒரு மணி, அதற்கு மறுநாள் ஒன்றரை, நான்காம் நாள் இரண்டு, ஒவ்வொரு நாளும் கழற்றியதும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், சிவந்திருந்தால் இருபது நிமிடம் பொறுக்க வேண்டும், அப்போதும் சிவப்பு போகவில்லை என்றால் அது உங்களுக்கு ஆன செருப்பில்லை, வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று முப்பத்துநாலு வருடமாகத் தினமும் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். இன்று எனக்கு நான்காம் நாள். மூன்றரைக்கு ஏறினேன், இப்போது மணி நாலே கால். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து முருங்கைக் கிளை சாய்ந்து கிடக்கும் கைப்பிடிச் சுவர் வரை இருபத்திரண்டு எட்டு, திரும்பினால் இருபத்திரண்டு எட்டு. பூட்ஸ் பழுப்பு நிறம், கணுக்காலுக்கு மேலே ஏறுகிற உயரம், தூசி உள்ளே போகாமல் நாக்கு இரண்டு பக்கமும் தைத்தது. நடக்கும்போது தரையில் தடித்த சத்தம் வருகிறது, அந்தச் சத்தம் என்னுடையது மாதிரி இல்லை, யாரோ ஒரு போலீஸ்காரர் எனக்குப் பின்னால் வருகிற மாதிரி இருக்கிறது. ஆடிக் காற்று இன்னும் ஓயவில்லை. கொடியில் கிடக்கும் இவருடைய வேட்டி எழும்பி எழும்பி என் முகத்தில் அடிக்கிறது, ஒவ்வொரு தடவையும் விலக்கிவிட்டு நடக்கிறேன், அதை எடுத்து மடித்து வைத்துவிட்டு நடக்கலாம் என்று தோன்றவில்லை.

இதெல்லாம் காற்றே இல்லை என்று கேரன் எழுதியிருந்தாள். அங்கே அடிக்கிற காற்றில் நீட்டிய கை தெரியாதாம். அமெரிக்காவில் மேற்கே எங்கேயோ வற்றிப்போன ஒரு ஏரி, ஏரி என்றால் நம் பேட்டைக் குளம் மாதிரியான ஏரி இல்லை, ஒரு புல் கிடையாது, எறும்பு கிடையாது, கண்ணுக்கு எட்டும் வரை வெள்ளை. அந்த வெள்ளையில் வருடத்துக்கு ஒரு வாரம் பல்லாயிரம் பேர் கூடாரம் அடித்து ஒரு ஊரையே உண்டாக்கி, ஆடிப் பாடி, கடைசி நாளில் ஒரு துண்டுக் காகிதம்கூட விடாமல் பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கடை இல்லை, குடிக்கிற தண்ணீர் முதற்கொண்டு அவரவர் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொருவரும் மற்றவர்களுக்கு ஏதாவது செய்கிறார்கள், ஒருத்தர் தோசைக்கல் மாதிரி ஒன்றை வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் சுட்டுப் போடுகிறார், ஒருத்தர் முடி வெட்டிவிடுகிறார். கேரனும் அவள் கூட்டாளிகள் பன்னிரண்டு பேரும் கால் கழுவிவிடுகிறார்கள். அந்த வெள்ளைத் தூசி சுண்ணாம்பு மாதிரி, நாலு நாளில் பாதத்தை வெடிக்க வைத்துவிடும், வினிகர் கலந்த தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவினால்தான் அடங்கும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கேரன் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆறு மாதம் வேலை பழக வந்தாள், பிசியோதெரபி படித்தவள், சுகர் புண் வார்டில் என் கூடவே நின்றாள். அவள் கற்ற முதல் தமிழ்ச் சொல் ‘வலிக்குதா’. எங்கள் வார்டில் வலிக்கவில்லை என்பதுதான் கெட்ட செய்தி, சர்க்கரை நரம்பைக் கொன்றுவிட்டது என்று அவளுக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று, அதுவரை ஒவ்வொருத்தரும் ‘வலிக்கல’ என்று சொன்னதும் சிரித்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். போன தை மாதம் எழுதினாள், ஹெப்சிபா, நீ ஓய்வு பெற்றுவிட்டாய் என்று கேள்விப்பட்டேன், ஒரு காலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீ, இந்த வருடம் வந்து என் ஆட்களுக்கும் சொல்லிக்கொடு.

இவர் சிரித்தார். ‘ஊர்ல உள்ள காலெல்லாம் கழுவி முடிச்சாச்சா ஹெப்சி, இனி அமெரிக்காக்காரன் கால் ஒண்ணுதான் பாக்கியா’ என்றார். டெலிபோன் ஆபீஸில் கம்பத்தில் ஏறி இறங்கியே ஓய்வு பெற்ற மனிதர், எதற்கும் முதலில் சிரிப்பார், பிறகு அந்த வேலையை இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்வார். விசா வந்ததும் எல்லாம் அவர் பொறுப்பாகிவிட்டது. தூசிக் கண்ணாடி, முகமூடி, இருட்டில் நெற்றியில் கட்டிக்கொள்ள விளக்கு, பாக்குத்தூள் மாதிரி பொட்டலம் பொட்டலமாய்த் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற உப்புச் சர்க்கரை, பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் தான் ஏறி நின்று, பிறகு தான் மட்டும் ஏறி நின்று, கழித்துப் பார்த்து, ‘இன்னும் ரெண்டு கிலோ வைக்கலாம்ட்டி, ஊறுகா வைக்கட்டா’ என்கிறார். போன ஞாயிறு எங்கள் சபைப் போதகர் ஐயரவர்கள் பிரசங்க பீடத்திலிருந்தே அறிவித்துவிட்டார், நம் சகோதரி ஹெப்சிபா செல்வின் வனாந்தரத்தில் பாதம் கழுவும் ஊழியத்துக்குப் போகிறார்கள், ஜெபத்தில் தாங்குங்கள் என்று. அங்கே பாதிப் பேர் அரைகுறையாக உடுத்தி உடம்பில் நீலச்சாயம் பூசிக்கொண்டு ஆடுவார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது, வணங்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அந்த ஊழியம் என்கிற பேச்சே ஒட்டாது. கால் கழுவுவது ஒரு வேலை, கையுறை போட்டு, வெளிச்சம் பார்த்து, விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் செய்ய வேண்டிய வேலை. விசா கேட்கப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் அங்கே போய் என்ன செய்வீர்கள் என்றார், கால் கழுவுவேன் என்றேன், சம்பளம் உண்டா என்றார், இல்லை என்றேன், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, நல்லது என்றார். எதற்காக என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா தெரியவில்லை.

சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் இல்லை. கேரன் ஒரு படம் அனுப்பியிருந்தாள், முகம் ஒன்றும் இல்லை, வரிசையாகப் பிளாஸ்டிக் பேசின், ஒவ்வொன்றிலும் இரண்டு கால். நான் அதை இரண்டு விரலால் விரித்து விரித்து, ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். இருபத்தாறு கால். தூசி, வெடிப்பு, ஒரு கட்டைவிரலில் ஊதா நெயில்பாலிஷ், ஒரு கணுக்காலில் மீன் பச்சை குத்தியிருந்தது. விரல்களின் மேல் முடி இருந்தது. விரல்மேல் முடி இருந்தால் அதுவரை ரத்தம் போகிறது என்று அர்த்தம், அதைப் பார்த்துவிட்டு அடுத்த காலுக்குப் போனேன், அதிலும் இருந்தது, அடுத்ததிலும். கறுத்த விரல் இல்லை, குழி இல்லை, பஞ்சை விட்டால் எலும்பில் போய் முட்டும் பொந்து இல்லை. முப்பத்துநாலு வருடத்தில் என் மடியில் வைத்துப் பார்த்த ஒரு கால்கூட அப்படி இல்லை, நல்ல கால்கள் எங்கள் வார்டுக்கு எதற்கு வரப்போகின்றன. பஸ்ஸில், கோயிலில், கல்யாண வீட்டில் நான் ஆட்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்துவிடுவேன், பார்த்ததும் மனம் தானாகவே தப்பு தேடும், இந்தம்மாவுக்கு இடது பெருவிரல் வளைகிறது, இவருக்குக் குதிகால் காய்ந்திருக்கிறது. ஒன்றும் தேடாமல் ஒரு காலைக் கையில் வாங்கிக் கழுவி, துடைத்து, எழுந்து போங்கள் என்று சொல்ல வேண்டும். அவர்களும் எழுந்து ஆடப் போக வேண்டும். அவ்வளவுதான். இதை இவரிடம்கூடச் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார், பிறகு அதற்கும் ஏதாவது வாங்கி வருவார்.

உங்கள் உடலைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா. கேரனின் ஆட்கள் அனுப்பிய படிவத்தில் எட்டாவது கேள்வி. இருபத்திரண்டு எட்டு வைத்துத் திரும்பும் இடத்தில் எல்லாம் அது வந்து நிற்கிறது. நல்ல மரியாதையான கேள்வி, உங்களுக்கு என்ன நோய் என்று கேட்கவில்லை. சர்க்கரை, பதினொரு வருடமாக, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று எழுதினேன், அது கேரனுக்கே தெரியும். இடது முழங்காலில் லேசான வலி என்று எழுதினேன். அதுவும் நிஜம்தான். முழங்கால் வலியை எழுதும்போது எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது, ஒரு நிஜத்தை எழுதிவிட்டோம் என்று. எழுதாததை நான் யாரிடமும் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, உங்கள் வலது காலில் எத்தனை இடத்தில் தொட்டால் தெரிகிறது என்று கேட்டிருந்தால் ஒருவேளை. ஒருவேளை என்ன, கேட்டார்களே. டிசம்பர் முப்பத்தொன்று, என் கடைசி நாள், கேக் வெட்டி, சால்வை போட்டு, அதற்குப் பிறகு பயிற்சிக்கு வந்திருந்த நர்ஸ்களுக்கு நானே ஒரு தடவை நைலான் இழைச் சோதனை செய்து காட்ட வேண்டும் என்று டாக்டர் ஆசைப்பட்டார். ஒரு கைப்பிடியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு இழை, பாதத்தில் வைத்து அது வளையும் வரை அழுத்த வேண்டும், பத்து இடம், கண்ணை மூடியிருக்கும் நோயாளி தெரிகிறபோதெல்லாம் ஆமா என்று சொல்ல வேண்டும். நான் ஸ்டூலில் இருந்தேன், படுக்கிறதற்கு ஆள் இல்லை, சும்மா விளையாட்டாக ‘சிஸ்டர், நீங்களே படுங்களேன், நாங்க பாக்கோம்’ என்று சுடர்க்கொடி என்கிற பெண் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஏறிப் படுத்தேன், அவள் என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்தக் கட்டிலில் முப்பத்துநாலு வருடத்தில் படுத்ததில்லை, அங்கிருந்து பார்த்தால் மின்விசிறியில் அவ்வளவு ஒட்டடை. கண்ணை மூடினேன். குதிகாலில் தெரிந்தது, ஆமா என்றேன். உள்ளங்கால் வளைவில் தெரிந்தது, ஆமா. பிறகு ஒன்றுமில்லை. அவள் எப்போது தொடப்போகிறாள் என்று காத்துக்கொண்டே இருந்தேன், அப்போதுதான் ஸ்டூல் கிரீச்சிட்டது. அவள் முன்னால் குனியும்போதெல்லாம் ஸ்டூல் கிரீச்சிடுகிறது. ஆமா என்றேன். கிரீச், ஆமா. கிரீச், ஆமா. பத்துக்குப் பத்து என்று அவள் கார்டில் எழுதினாள், எல்லோரும் மறுபடியும் கைதட்டினார்கள், நானும் எழுந்து உட்கார்ந்து சிரித்தேன். என் குரல் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். பயந்திருந்தால்கூட மன்னிக்கலாம், நான் பயப்படவே இல்லை, யோசிக்கவும் இல்லை, பொய் தானாக வந்தது, இருமல் வருகிற மாதிரி.

அதே பொய்யை நான் பிடித்திருக்கிறேன். இசக்கிமுத்து என்று ஒரு பஸ் டிரைவர், தென்காசி தடத்தில் ஓட்டினவர், பெரிய மீசை. கண்ணை மூடிக்கொண்டு பத்துக்கும் ஆமா சொன்னார். எனக்குச் சந்தேகம், பதினோராவது தடவை இழையைத் தொடாமல் காற்றிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன், ஆமா என்றார். கண்ணைத் திறங்க அண்ணாச்சி என்றேன். அவர் இழை இருக்கும் இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘எழுதிராதீங்கம்மா’ என்றார், ‘பிரேக்குல கால் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியும், பஸ்ஸோட சத்தத்துலயே தெரியும்.’ நான் எழுதினேன். நாற்பத்தைந்து பேர் உட்கார்ந்து வருகிற பஸ், எழுதாமல் எப்படி. அவரை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி டெப்போ வாசலில் காவலுக்குப் போட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருவார், காலைக் காட்டுவார், புண் இல்லை, எதுவும் இல்லை, போய்விடுவார். ஒரு தடவை மட்டும் பேசினார். ‘ஒங்களாலதான் இந்தக் கால் இருக்கு, ஒங்களாலதான் இது சும்மா இருக்கு’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார். அன்றைக்கு அது எனக்குப் பாராட்டாகத்தான் கேட்டது. வேறு எப்படிக் கேட்கும், நான் ஸ்டூலில் இருந்தேன். ஸ்டூலில் இருக்கிறவர்களுக்கு எல்லாமே அப்படித்தான் கேட்கும்.

சாக்ஸுக்குள் ஏதாவது மடிந்திருக்கிறதா தெரியவில்லை. தெரியவில்லை என்பது சரியான வார்த்தை. முதல் நாள் அரை மணி நேரம் நடந்துவிட்டுக் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் வைத்து ஒழுங்காகப் பார்த்தேன், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பு, பத்து நிமிடத்தில் போய்விட்டது. இரண்டாம் நாள் பார்த்தேன், அதே இடம், போனதா இல்லையா என்று நிற்காமல் இவர் கூப்பிட்டதும் போய்விட்டேன். நேற்று சபையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள், வாசலில் பூட்ஸைக் கழற்றி, சாக்ஸோடேயே உள்ளே போய்க் காப்பி போட்டேன், பிறகு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கழற்றினேன். விளக்கை அணைத்துவிட்டு. நோயாளி இதைச் சொல்லியிருந்தால் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்திருப்பேன். இப்போது மணி ஐந்தரை இருக்கும், வெயில் சரிந்து தொட்டியின் நிழல் சுவர் வரை வந்துவிட்டது. ஏழரைக்குக் கேரன் கூப்பிடுவாள், அங்கே சனிக்கிழமை காலை, அவள் வீட்டுக் கார் ஷெட்டில் எல்லோரும் கூடி லாரியில் சாமான் ஏற்றப்போகிறார்கள், அதற்கு முன்னால் அரை மணி நேரம் நான் வீடியோவில் அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். விமானத்துக்கு இன்னும் ஒன்பது நாள். ஒன்பது நாளில் எதுவும் ஆறும். இல்லை, ஆறாது, எதுவும் ஆறாது, மூன்று வாரம் காலைத் தரையில் வைக்காமல் இருந்தால் ஆறும். எது ஆற வேண்டும், ஒன்றுமே இல்லாதபோது. இன்னும் நாலு தடவை நடக்கலாம். கீழே இருந்து இவர், ‘ஹெப்சி, ரெண்டு மணி நேரம் ஆயிட்டு, எறங்கு’ என்றார். ‘இன்னும் அஞ்சு நிமிசம்’ என்றேன். ‘ஒங்கணக்குத்தான் சொல்லுதேன், நாலாம் நாளு ரெண்டு மணி நேரம்னு நீதான சொன்ன’ என்றார். என் கணக்கை இவ்வளவு நாள் யாரும் இப்படிக் கேட்டு நடந்ததில்லை.

தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து இடது பூட்ஸைக் கழற்றினேன், ஒன்றுமில்லை, வெளுத்த பாதம், சாக்ஸின் கோடுகள். வலதைக் கழற்றினேன். சாக்ஸ் வரவில்லை. சுண்டுவிரல் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது, வட்டமாக ஈரம், நடுவில் பழுப்பு. இழுத்தால் தோல் வரும் என்று கை தானாகவே நின்றது, குழாயைத் திறந்து தண்ணீர் விட்டு நனைத்து மெதுவாக உரித்தேன். வலிக்கவில்லை. சாக்ஸில் ஒரு மடிப்பு இருந்திருக்கிறது. கொப்புளம் ஏற்கெனவே உடைந்து, தோல் ஒரு பக்கமாகச் சுருண்டு, அடியில் சிவப்பு, புளியங்கொட்டை அளவு, கொஞ்சம் ரத்தம். ஓரம் வெளுத்திருக்கிறது, அப்படியென்றால் இது இன்றைக்கு வந்ததில்லை, நேற்று. ஆழம் இல்லை. வாடை இல்லை. முதல் நிலை. இதையெல்லாம் யாரோ எனக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே போகிறார்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அழ வேண்டும் போல் இல்லை. நல்ல சிவப்பாக இருக்கிறதே, ரத்த ஓட்டம் பரவாயில்லை என்றுதான் முதலில் நினைத்தேன், ஒரு கணம் சந்தோஷப்பட்டேன்கூட. குதிகாலை மட்டும் ஊன்றிப் படியிறங்கினேன், இவர் சமையலறையில் இருந்தார், குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கழுவினேன், துணியை அளவாக வெட்டி மருந்து வைத்துக் கட்டினேன். நல்ல கட்டு. மேலே சாக்ஸ் போட்டால் யாருக்கும் தெரியாது. கேரனுக்குத் தெரியாது, பெட்டியை எடை போட்டுக்கொண்டிருக்கும் இந்த மனிதருக்குத் தெரியாது, ஐயரவர்களுக்குத் தெரியாது. தினமும் காலையும் மாலையும் கட்டு மாற்றிக்கொள்ளலாம், என்னைவிட நன்றாக யார் மாற்றப்போகிறார்கள். கூடாரத்துக்குள் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளலாம், பெரும்பாலும் உட்கார்ந்துதானே வேலை. சுண்ணாம்புத் தூசி. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரம். மற்றவர்களின் அழுக்குத் தண்ணீர். வேறு யாராவது வந்து இந்தக் காலை நீட்டி, சிஸ்டர் ஒரு வாரம்தான், போய்ட்டு வந்துருதேன் என்று கேட்டால், நான் என்ன சொல்வேன் என்று யோசிக்கவே வேண்டாம், கேட்டு முடிக்கும் முன்னால் கூடாது என்று தலையை ஆட்டியிருப்பேன். அந்தத் தலையாட்டலை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன். மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கிறவர்களுக்குச் செய்திருக்கிறேன், வேளாங்கண்ணிக்கு நடக்க நேர்ந்துகொண்டவர்களுக்குச் செய்திருக்கிறேன். அதற்கு இத்தனை கனம் இருக்கும் என்று தெரியாது.

ஏழரைக்கு இவர் படுக்கையறை மேசையில் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் போனைச் சாய்த்து வைத்தார், விளக்கைத் திருப்பி வைத்தார், என்னை ஸ்டூலில் உட்காரவைத்தார், எனக்குப் பின்னால் சுவரில் இருந்த காலண்டர் கோணலாக இருக்கிறது என்று அதை நேராக்கினார். கட்டிலில் பெட்டி வாய் திறந்து கிடந்தது. பாடம் எடுக்க இவருடைய காலைத்தான் காட்டுவதாக ஏற்பாடு, அதற்காகக் காலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, சலவை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். திரையில் கேரன் வந்தாள், முடி நரைத்திருந்தது. ‘ஹெப்சிபா! பூட்ஸ் எப்படி இருக்கு, பழகிட்டுதா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பழகிவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது தயாராகத்தான் இருந்தது, அன்றைக்கு மாதிரியே, இருமல் மாதிரி. எங்கே நின்றது என்று தெரியவில்லை. எந்த ஸ்டூலும் கிரீச்சிடவில்லை, கேரன் சும்மா பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

‘கேரன், என் வலது காலில் உணர்ச்சி இல்லை’ என்றேன். ‘எட்டு மாதமாகத் தெரியும். படிவத்தில் எழுதவில்லை. இன்று புண் வந்துவிட்டது.’

கேரன் திரைக்குக் கிட்டே குனிந்தாள். பிறகு தமிழில், ‘காட்டுங்க’ என்றாள்.

கட்டை அவிழ்த்துக் காலை விளக்குக்குக் கீழே தூக்கிக் காட்டினேன். எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், வாடை உண்டா, காய்ச்சல் உண்டா, எப்போதிலிருந்து. நான் கேட்கிற வரிசையிலேயே கேட்டாள், ஒன்றைக்கூட விடவில்லை. பதில் சொன்னேன். கடைசிக் கேள்வியில், நேற்றிலிருந்து இருக்கும், நான் பார்க்கவில்லை என்றேன்.

‘நான் என்ன சொல்லப்போறேன்னு உனக்குத் தெரியும்’ என்றாள்.

‘தெரியும். நீ சொல்லு.’

‘நீ வரக் கூடாது.’

சுவர்க் கடிகாரத்தில் ஏழு நாற்பத்திரண்டு. அதை எதற்குப் பார்த்தேனோ. இவருக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும், காலைக் காட்டியதும் மிச்சம் புரிந்துவிட்டது. ‘எட்டு மாசமாவா?’ என்றார். நான் தலையை ஆட்டினேன். ‘அந்த மாடியில ரெண்டு மணி நேரம் நடக்க விட்டேனேட்டி நான்’ என்றார். எழுந்து போனார். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம், மூடும் சத்தம், மறுபடி திறக்கும் சத்தம். போய்விட்டார், இனி இரண்டு நாள் பேச மாட்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்த பெட்டியை மூடி, இரண்டு கையாலும் தூக்கி, மூலையில் இறக்கி வைத்தார். தலையணையைத் தட்டிக் கட்டிலின் கால்மாட்டில் போட்டார். ‘மேல ஏறி ஒக்காரு. காலத் தூக்கி வையி’ என்றார். நான் ஸ்டூலிலேயே இருந்தேன். ‘ஒனக்குத்தான் சொல்லுதேன்’ என்றார். ஏறி உட்கார்ந்தேன். போனையும் புத்தகங்களையும் மேசையோடு இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

கேரன் இன்னும் போகவில்லை. அவளுக்குப் பின்னால் ஷெட்டில் ஆட்கள் கிட்டே வந்து நின்றுகொண்டிருந்தார்கள், என்ன நடக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். ‘இவங்கல்லாம் உனக்காகத்தான் இவ்வளவு சீக்கிரம் எழுந்து வந்தாங்க, இன்னொரு நாள் வச்சுக்கலாமா’ என்றாள். வேண்டாம் என்றேன். யாராவது ஒருத்தரை உட்காரச் சொல், ஷூவைக் கழற்றச் சொல், போனைக் காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோ. சலசலப்பு, நாற்காலி இழுக்கும் சத்தம், தரை, ஒரு பேசின், பிறகு திரை முழுக்க ஒரு கால். ஆண்பிள்ளையின் கால். தச்சு வேலை பார்க்கிறவராம், கேரன் சொன்னாள். பெரிய பாதம், செருப்பு வார் மறைத்த இடம் மட்டும் வெளுப்பு, பெருவிரல் நகத்தில் எப்போதோ சுத்தியல் பட்ட கறுப்பு, விரல்களின் மேல் பொன்னிற முடி. மனம் வழக்கம்போலத் தேடியது, ஓரம், இடுக்கு, குதிகால். ஒன்றுமில்லை. இவரும் என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் குதிகாலை உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றேன், காலின் கனம் முழுக்க உங்கள் கையில் இறங்குகிற வரை காத்திருக்க வேண்டும், அவர்களாக இறக்குவார்கள், அவசரப்படக் கூடாது. மஞ்சள் பனியன் போட்ட ஒரு பெண்ணின் கை வந்து குதிகாலை ஏந்தியது. அப்படித்தான். இப்போது மற்றக் கையின் கட்டைவிரலால் உள்ளங்காலில், வளைவில், மெதுவாக. அவள் விரலை வைத்தாள். கால் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. பேசின் சாய்ந்தது, தண்ணீர் சிதறியது, எங்கேயோ மேலே அந்த ஆள் அடக்க முடியாமல் சிரிக்கிறார், கூசுகிறதாம், சின்ன வயதிலிருந்தே அவருக்கு அப்படியாம், மன்னிப்புக் கேட்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், அந்தப் பெண் ஈரக் கையோடு என்ன செய்வது என்று தெரியாமல் கேமராவைப் பார்க்கிறாள். இழுத்துக்கொண்ட கால். முப்பத்துநாலு வருடத்தில் என் கையிலிருந்து ஒரு கால்கூட இப்படித் தப்பித்து ஓடியதில்லை. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே தெரியாது, யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

‘ஹெப்சிபா, இப்ப என்ன செய்யணும்?’ என்றாள் கேரன்.

‘மறுபடியும் தொடச் சொல்லு’ என்றேன்.